பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழுந்த பல்

“எங்க வகுப்புல எல்லாருக்கும் பல்லு கோணல்தாம்மா, எனக்கு மட்டும் எதுக்குக் கம்பி?” என்று பத்து வயது மகள் கேட்டு ஒரு மாதமாகிறது. அவள் சொல்வது பொய்யுமல்ல. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்க்கிறேன்: ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பல், முன்னுக்குத் தள்ளிய பல், இடைவெளி விட்ட பல். வரிசைப் பல்லோடு வருகிற பிள்ளைதான் அபூர்வம்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள். விழுந்த பாற்பல்லைக் கூரைத் தகரத்தில் எறிவோம். “டொங்” என்று விழுந்து அங்கேயே தங்கினால் புதுப்பல் நேராக வரும், உருண்டு வந்தால் கோணல் என்பார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் தலைக்குமேல் ஒரே நீளக் கூரை என்பதுதான் வம்பு. ஒருமுறை நான் எறிந்தது பக்கத்து வீட்டுக்கு மேலே போய்த் தங்கிவிட்டது. சில மாதங்களில் அந்த வீட்டுப் பையனுக்குப் பல்மேல் பல் முளைக்க, தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவன் தாய் என் அம்மாவிடம் சண்டைக்கு வந்தார்.

“ஒங்க மக பல்லு எங்க தகரத்துல கெடக்கு. அதான் எம்மவனுக்கு ரெட்டையா மொளைக்குது!”

“அப்ப ஏறி எடுத்துக்கங்க அக்கா. அப்படியே ஒழுகுற எடத்தையும் அடைச்சிட்டு எறங்குங்க!”

குடத்தோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பல் வைத்தியரிடம் காட்டலாம் என்று ஒருவருக்கும், எங்கள் ஆசிரியர்களுக்கும்கூட, தோன்றவில்லை. தகரத்தில் தங்கியும் எனக்கு வந்தது கோணல் பல்தான். என் கல்யாணப் படம் ஒன்றில்கூட நான் வாய் திறந்து சிரிக்கவில்லை.

இப்போது ஹட்டனில் கொங்கிரீட் கூரை வீடு. மகளின் பாற்பற்கள் குப்பையோடு போயின. பழி போடப் பக்கத்து வீடும் இல்லை, எல்லாம் என் தலையில்தான். இப்போதே கம்பி போட்டால் நல்லது, ஆனால் பிள்ளை மனம் ஒத்து மாதாமாதம் வரவேண்டும் என்கிறார் வைத்தியர். அம்மாவோ தொலைபேசியில், “தெத்துப்பல்லு ராசிடி, புள்ளைய நோவடிக்காத” என்கிறார். “வளர்ந்தா சரியாயிரும்” என்கிறார் கணவர். எது வளர்ந்தால், கோணலா என்று கேட்க வாய்வரை வருகிறது. மகளுக்கோ வேறு பயம்: “மேல் வகுப்பு அக்காவ ‘கம்பிவேலி’ன்னு கூப்பிடுறாங்கம்மா.”

அடுத்த வாரம் வைத்தியருக்கு முடிவு சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்டு போவதா, அவளாகக் கேட்கும்வரை பொறுப்பதா? பொறுத்து, காலம் தப்பிவிட்டால்? பிள்ளைக்குக் கம்பி போட்ட தாய்மார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள்: கேலிக்குப் பயந்து உங்கள் பிள்ளை அழுதபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?