இருட்டில் நின்றவள்

திருச்சுழிப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கண்காட்சிக்காக ஐரோப்பாவின் பரோக் கால ஓவியம் ஒன்றை ஃப்ளெக்ஸில் அடிக்க அருப்புக்கோட்டைக் கடையில் கொடுத்திருந்தேன். விருந்து மேசை, ஒற்றை மெழுகுவத்தி, நான்கு முகங்கள், மற்றதெல்லாம் இருட்டு. அந்த இருட்டுதான் அழகு என்று வருஷா வருஷம் தொண்டை வற்றச் சொல்லித் தருகிறேன்.

வாங்கப் போனால், படம் கல்யாண பேனர் மாதிரி பளபளக்கிறது. மெழுகுவத்தி எரிவதே தெரியவில்லை.

"யாருண்ணே வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னது?"

"கரண்டு போன வீடு மாதிரி இருந்துச்சு டீச்சர். விசேஷ வீட்டு பேனர்ல ஒரு மூஞ்சி தெரியலன்னாலும் சொந்தக்காரவுக சண்டைக்கு வந்துருவாக. அதனால எந்தப் படம்னாலும் வெளிச்சம் ஏத்தித்தான் அடிப்போம்."

"இவுக வர மாட்டாக. செத்து முந்நூறு, நானூறு வருஷமாச்சு."

கடைக்காரர் அசரவில்லை. பேனரின் ஓரத்தைத் தொட்டார். "பின்னாடி தட்டோட நிக்கிற இந்தப் பிள்ளை நீங்க கொடுத்த படத்துல தெரியவே இல்லையே?"

குனிந்து பார்த்தேன். எல்லோரும் சாப்பிட, வேலைக்காரச் சிறுமி ஒருத்தி சுவரோடு சுவராக நின்றாள். இத்தனை வருஷத்தில் நான் அவளைப் பார்த்ததே இல்லை.

வேறு அடித்துத் தரச் சொல்லவில்லை. சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் படத்தை இப்போதெல்லாம் அவளிடமிருந்துதான் நடத்தத் தொடங்குகிறேன். மெழுகுவத்தியை அணைத்துவிட்ட அந்த ஆள் மேல் எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை.