டீச்சர் இறங்கிய தண்ணீர்

வெண்டைக்காய் நறுக்கிய பலகையைத் தொட்டது போலிருந்தது. நீச்சல் குளத்தின் சுவரில் என் உள்ளங்கை பட்டபோது அப்படியொரு மெல்லிய வழுவழுப்பு. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கடைசிப் படி தரையைத் தொடும் மூலையில் மட்டும் இளம்பச்சையாக ஏதோ தூசி படிந்தது போல் தெரிந்தது. பாசி பிடிக்கத் தொடங்குகிறது என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடம் ஆகிறது. எத்தனையோ வீடுகளுக்குப் போய் எத்தனையோ பேரை நடக்கவைத்திருக்கிறேன். அன்றைக்கு ஏன் பேசாமல் இருந்தேன் என்ற கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

போர்ட் பிளேரில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்வது என் வேலை. டாலிகஞ்சில் இருந்த அந்த வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் போவேன். நோயாளியை நான் மட்டுமல்ல, அந்தத் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். பல வருடம் கட்சால் தீவில் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம். கடலைப் பார்த்தே வளர்ந்தவர். சுனாமி அன்று ரப்பர் தோட்டத்து மேட்டுக்கு ஓடிப்போய் உயிர் தப்பியிருக்கிறார். அதற்குப் பிறகு கடலில் கால் நனைத்ததில்லை. அவருடைய கணவர் தீவுகளுக்கு இடையில் ஓடும் கப்பலில் தலைமை என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் சார் என்பேன். டீச்சருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் சோர்ந்துபோனபோது, தண்ணீரில் நடந்து பழகினால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுற்றிலும் சமுந்தர், இவ்வளவு கடல் இருக்கும்போது வீட்டில் எதற்குக் குளம் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். சார் கொல்லையில் நெஞ்சளவு ஆழத்துக்குச் சின்னதாக ஒரு குளம் கட்டினார். முதல் மூன்று வாரம் டீச்சர் அதன் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். சார் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அவர் மூச்சு விட்டாரா என்றே சந்தேகம்.

நான் அந்த வழுவழுப்பைத் தொட்ட நாளில், டீச்சர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நாலு அடி வைத்திருந்தார். அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தின இரண்டு நாளும் சார் ஊரில் இல்லை. சௌல்தாரியில் ஒரு உறவினர் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தார். மழையும் மின்வெட்டுமாக இருந்ததால் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்பு ஓடவில்லை. பாசி பிடிக்க அது போதும். பாசி என்று நான் சொன்னால் சார் ஒரு வாரத்துக்குக் குளத்தை மூடிவிடுவார். நாலு அடி வைத்த கால் ஒரு வாரம் சும்மா இருந்தால் மறுபடி பயம் வந்துவிடும். அடுத்த முறை வரும்போது நானே தேய்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். இப்படி எனக்கு நானே சொன்னதெல்லாம் உண்மைதான். அந்த நாலு அடியில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதும் உண்மை.

அடுத்த முறை தேய்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நான் போவதற்குள் டீச்சர் தயாராகக் காத்திருந்தார். மூன்றாவது அடியில் அவருடைய பாதம் வழுக்கியது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. நான் அவரைப் பிடித்துத் தூக்க நாலைந்து விநாடிதான் ஆகியிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் தண்ணீருக்கடியில் அவருடைய கண்கள் திறந்தபடி இருந்ததைப் பார்த்தேன். சார் செருப்போடு குதித்தார். மேலே கொண்டுவந்து உட்காரவைத்ததும் டீச்சர் வெகுநேரம் இருமினார். எங்கள் இருவரையும் அவர் பார்க்கவே இல்லை. "எம் மேல தப்பு. பம்பு நின்னுருக்கு, நான் பாக்கல," என்று சார் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் துண்டால் டீச்சரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அன்று முதல் டீச்சர் வராந்தாவில் குளத்துக்கு முதுகைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாருக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பாசியைக் கொல்லுகிறேன் என்று குளோரின் தூளை வாளி வாளியாகக் கொட்டினார். தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆயிற்று. கொல்லைக்குப் போனாலே கண் எரிந்தது. ஆனாலும் சுவரில் பச்சை போகவில்லை; கூடியது. கப்பலில் பாய்லர் தண்ணீரைச் சோதித்துச் சோதித்தே காலம் தள்ளிய மனிதர் அவர். அவருக்கு இதெல்லாம் தெரியாமலில்லை. பதற்றத்தில் எல்லாம் மறந்துவிட்டது. நான் போகும்போதெல்லாம் நாற்காலியிலேயே டீச்சருக்குக் கை, கால் பயிற்சி கொடுத்துவிட்டு, வேறு வேலை இருப்பது போல் கிளம்பிவிடுவேன்.

நாலாம் நாள் சார் சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எரிச்சலில் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. என்னிடம் நீட்டினார். அப்போது நாற்காலியிலிருந்து, திரும்பிப் பார்க்காமலே, டீச்சர் கேட்டார்:

"என்ன நிறம்?"

பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய பேச்சு மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்துத்தான் பேசுவார். நல்ல சிவப்பு, கத்தரிப்பூ நிறம் கூடக் கலந்திருக்கிறது என்றேன்.

"காரம் ஏறிக் கெடக்கு. புதுச் சிமெண்டு. நீங்க போட்ட தூளும் காரம்தான். காரத்துல குளோரின் வேல செய்யாது. முதல்ல அத எறக்குங்க."

சார் குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வகுப்பில் பதில் தெரியாத மாணவனைப் போல இருந்தது அவர் முகம். டீச்சர் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். நாலு நாளுக்குப் பிறகு அவர் தண்ணீரைப் பார்த்தார்.

பிறகு எல்லாம் அவர் சொன்னபடி நடந்தது. குளோரின் நெடி அடங்கும் வரை இரண்டு நாள் வெயிலுக்கு விட்டு மறுபடி சோதித்தோம். ஆசிட்டை வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நீர்க்கவைத்து, பம்பு ஓடும்போது குளத்தில் விட்டார் சார். ஒரே தடவையில் விடக்கூடாது, குளோரினோடு சேர்த்தும் விடக்கூடாது என்று டீச்சர் அதட்டிக்கொண்டே இருந்தார். சிவப்பு வெளிறி ஆரஞ்சுக்கு வந்தது. ஆசிட் விட்டதில் தண்ணீரின் காரம் நிலையில்லாமல் ஏறி இறங்கியபோது, அதைத் தாங்கிப் பிடிக்கச் சமையல் சோடாவை அளந்து போடச் சொன்னார். அதன் பிறகுதான் நான் நீண்ட பிரஷ்ஷை எடுத்துச் சுவர், தரை, படி எல்லாவற்றையும் தேய்த்தேன். பாசி மேகம் மாதிரிக் கிளம்பியது. வெயில் தாழ்ந்ததும் அளவாகக் குளோரின். பம்பு நிற்காமல் ஓடியது.

மறுநாள் சார் வீட்டின் பின்பக்கம் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குளத்தின் தரை தெளிவாகத் தெரிந்தது. டீச்சரும் நானும் மட்டும் இருந்தோம். இனியும் தாங்காது என்று தோன்றியது. அவர் வழுக்கி விழுந்ததற்கு முந்தின தடவையே சுவர் வழுக்கியதைக் கவனித்தேன், சொல்லாமல் விட்டேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. டீச்சர் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"நானும் தொட்டுப் பாத்தேம்மா," என்றார். "சொன்னா ஒரு வாரம் எறங்க முடியாதேன்னு விட்டுட்டேன். அஞ்சாவது அடி வச்சுரணும்னு இருந்துச்சு."

பிறகு, சாரிடம் சொல்லாதே என்றார். தெரிந்தால் இனி நம்பி இறக்க மாட்டார் என்றார். நான் தலையாட்டினேன். மனம் லேசாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. டீச்சருக்கும் தெரியும் என்பதால் என் தவறு பாதியாகிவிடுமா? அன்று என் கை தவறியிருந்தால், அவருக்கும் தெரியும் என்று யார் வந்து எனக்காகச் சாட்சி சொல்லியிருப்பார்கள்?

டீச்சர் மறுபடி இறங்கினார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தார். கைத்தடியோடு மாதா கோயிலுக்கும் போய்வந்தார். போன வருடம் மாரடைப்பில் இறந்தார்.

போன மாதம் சாரைப் பார்க்கப் போனேன். யாரும் இறங்காத குளம் பளிச்சென்று இருந்தது. தினமும் காலையில் சோதிக்கிறாராம். காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர் தானாகவே பேசத் தொடங்கினார். கடலுக்குப் பயந்தவளைத் தன் ஆசைக்காகத் தண்ணீரில் இறக்கிவிட்டதாகவும், தன் கவனக்குறைவால் அவள் தண்ணீரில் மூழ்கியதாகவும், தனக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள் என்றும் சொன்னார். அதை எத்தனை வருடமாக மனதில் வைத்திருக்கிறார் என்பது குரலில் தெரிந்தது. டீச்சருக்குக் கொடுத்த வாக்கு எனக்கு நினைவிருந்தது. நான் உடைத்துவிட்டேன். நான் மறைத்தது, டீச்சர் மறைத்தது, அவர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொன்னேன்.

சார் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அப்ப அவளே ஆசப்பட்டுத்தான் எறங்குனாளா?" என்றார்.

ஆமாம் என்றேன். டீச்சர் சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் ஒரு தடவை என்றார்.