டேக் ஓடும்போது யாரும் பேசக் கூடாது

என் தலையில், வலது காதுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு முடி கிடையாது. தொடையிலிருந்து எடுத்த தோலை அங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுத்தோலில் முடி முளைக்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான்தான் சில மாதங்கள் தினமும் காலையில் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விஸ்காம் படித்தேன். கேமரா, எடிட்டிங், சவுண்ட் எல்லாம் சொல்லித்தருகிற படிப்பு. எனக்குக் கேமரா ஒன்றுதான் வேண்டும். தாராபுரத்தில் உரக்கடை வைத்திருக்கும் அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "கல்யாணத்துல போட்டோ புடிக்கிற வேலைக்கு மூணு வருசம் படிப்பாங்களா அம்மணி?" என்று கேட்டார். கடைசியில், ஊருக்கு வெளியே படப்பிடிப்பு என்று யாரோடும் சுற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். சுற்றாமல் எப்படிப் படம் எடுப்பது?

கல்லூரியில் படப்பிடிப்புப் பாதுகாப்பு பற்றி ஒரு வகுப்பும் நடந்தது. லென்ஸில் தூசி படக் கூடாது, ட்ரைபாடின் கால்கள் மீது மணல் மூட்டை வைக்க வேண்டும், மழை வந்தால் முதலில் கேமராவுக்குக் குடை பிடிக்க வேண்டும் என்றார்கள். பேட்டரியை வெயிலில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொல்லியிருப்பார்கள். கேமராவுக்குப் பின்னால் நிற்கிற ஆளைப் பற்றியோ முன்னால் நிற்கிற ஆளைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேமரா கல்லூரிச் சொத்து, நாங்கள் வெறும் பிள்ளைகள்தானே.

கடைசி வருடப் படத்தை இயக்கியவன் என் வகுப்புத் தோழன். கருமத்தம்பட்டிக்காரன். அவனுடைய மாமாவுக்கு அங்கே தறிக்குடோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, ஆட்களும் இருக்க மாட்டார்கள் என்பதால் அன்றைக்குப் படம் பிடிக்கப் போனோம். நான் கேமரா. ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி சவுண்ட். தறி ஓட்டும் பெண்ணாக நடிக்க வேண்டியவள் காலையில் வரவில்லை. மகள் முகம் யூடியூபில் வரப்போகிறது என்று அவள் அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்ததாம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு இடுப்பைத் தாண்டிய முடி.

"ஒரே ஒரு ஷாட்டுங்க. கேமராவ நான் பாத்துக்கறேன்" என்றான் இயக்குநர். எங்கள் பக்கத்தில் கூடப் படிக்கிற பெண்ணையும் 'வாங்க, போங்க' என்றுதான் சொல்வார்கள். "முடிய அவுத்து உட்டுக்கோங்க. லேசாப் பறக்கோணும்."

ஜன்னல் வழியாக வந்த வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. அதை விட மனம் வரவில்லை. கேமராவை அவனிடம் கொடுத்துவிட்டு முடியை அவிழ்த்துக்கொண்டேன்.

மாமா ஒரே ஒரு தறியை மட்டும் ஓட விட்டார். அது போடுகிற சத்தத்திலேயே குடோன் முழுக்க அதிர்ந்தது. அந்தச் சத்தம் மட்டும் சுத்தமாக வேண்டும், மனுசக் குரல் ஒன்றும் கலக்கக் கூடாது என்று இயக்குநர் கட்டளை போட்டிருந்தான். முதல் டேக்கில் கூட வந்த பையன் ஒருவன் இருமிவிட்டான். மைக் கம்பைப் பிடித்திருந்த என் தோழி அவனைக் கிழித்து எடுத்துவிட்டாள். டேக் ஓடும்போது யாரும் பேசக் கூடாது என்பது எங்களுக்குள் வேதவாக்கு மாதிரி. வகுப்பில் எதில் கோட்டை விட்டாலும் இதில் மட்டும் விட்டதில்லை.

இரண்டாவது டேக். தறிக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கும் நூல் குச்சியை நான் குனிந்து எடுக்க வேண்டும். குனிந்தேன். மோட்டாரிலிருந்து தறிக்கு ஓடுகிற பெல்ட் என் வலது பக்கம் முழங்கால் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என் முடி அந்தப் பக்கம் சரிவதைத் தோழி பார்த்தாள். கையை ஆட்டினாள், தலையை ஆட்டினாள். வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்த எனக்கு அது எப்படித் தெரியும்? இயக்குநர் கேமராத் திரையில் முடி பறக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு இழுப்பு. அதன் பிறகு எனக்கு ஞாபகம் இல்லை. சுவிட்சை அணைத்தது மாமா என்று பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தோழி வந்தாள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "டேக் ஓடிட்டு இருந்துச்சுடி" என்றாள். அவளைத் திட்ட வேண்டும் என்று மனசு கொதித்தது. ஆனால் மைக்கை நான் பிடித்திருந்தால், நானும் கையைத்தான் ஆட்டியிருப்பேன்.

இயக்குநரின் மாமாவும் சாத்துக்குடிப் பையோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். "ஏனுங்க, முடிய அவுத்தப்பவே சொல்லோணும்னு நெனச்சனுங்க. அடுத்த ஊட்டுப் புள்ள. முடிய முடிஞ்சுக்கோன்னு நானெப்படீங்க சொல்றது? ஏதாச்சும் தப்பா நெனச்சுக்குவாங்கன்னு உட்டுப்போட்டனுங்க."

அப்பா கோபப்படவில்லை. "உங்களத் தப்புச் சொல்ல முடியாதுங்க" என்று அவரைச் சமாதானப்படுத்தினார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு மரியாதையான மனிதர்களுக்கு நடுவில் என் தலைத்தோல் பிய்ந்து போயிருக்கிறது. சொல்லித் தொலைத்திருக்கலாமே! யாராவது தப்பாக நினைத்தால்தான் என்ன குடி முழுகிப்போகும்?

அப்பா என்னைத் தாராபுரத்துக்குக் கூட்டிவந்துவிட்டார். என் கைகள் நன்றாக இருக்கின்றன. கண்கள் நன்றாக இருக்கின்றன. கேமராவைத் தூக்க இந்த இரண்டும் போதும். அதை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்தேன். "தல தப்பிச்சதே பெருசு கண்ணு" என்பார், அத்தோடு பேச்சு முடிந்தது. இப்போது தலையில் துணியைக் கட்டிக்கொண்டு உரக்கடையில் பில் போடுகிறேன். இதை வாழ்க்கை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் காலையில் எழுந்து கடைக்குத்தான் போகிறேன்.

போன மாதம், எனக்குப் பிறகு அந்தப் படிப்பில் சேர்ந்த ஒரு பெண் போன் செய்தாள். இதற்கு முன் பேசியதில்லை. பெண்கள் இனிமேல் வெளிப்படப்பிடிப்புக்குப் போகக் கூடாது, கல்லூரிக்குள் உட்கார்ந்து எடிட்டிங் செய்தால் போதும் என்று உத்தரவு போட்டுவிட்டார்களாம். அவள் எழுதிய படத்துக்குக் கேமராவை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டார்கள். "உங்களச் சொல்லித்தாங்க அக்கா எங்களை நிறுத்தறாங்க. நீங்க மேடத்துகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க" என்றாள்.

துறைத் தலைவிக்கு உடனே போன் போட்டேன். "மேடம், முடியைக் கட்டச் சொல்லுங்க. மெசின் பக்கத்துல போனா யாராச்சும் ஒருத்தர் மெசினை மட்டும் பாத்துட்டு நிக்கச் சொல்லுங்க. ஆபத்துன்னா டேக்கைக் கெடுத்துட்டுக் கத்தச் சொல்லுங்க. அது போதுங்க மேடம்" என்றேன். இதை மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நீ நல்லா இருக்கியா கண்ணு? இன்னொரு புள்ளைக்கு உன்ன மாதிரி ஆயிரக் கூடாதுன்னுதானே இதெல்லாம் பண்றோம்" என்றார்.

"பசங்களுக்கு ஆனா, மேடம்?"

"அவுங்க பசங்க. பாத்துக்குவாங்க" என்றார்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, நடக்கவில்லை என்று சொன்னேன். "எங்கப்பா படிச்சது போதும், வந்துருன்னு சொல்றாருங்க அக்கா" என்றாள்.

"போயிராத" என்றேன்.

"இருந்து நான் என்னங்க அக்கா பண்றது?"

கடையில் ஒருவர் யூரியா மூட்டைக்கு பில் கேட்டுக்கொண்டு நின்றார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பில் புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பெண் இன்னும் லைனில் இருந்தாள்.