இளஞ்சிவப்பு போகாத குடுவை

ஆயிரம் பேர் ஒரே வாசலிலிருந்து புறப்படுகிறார்கள். எல்லோரும் ஒரே தூரம் நடந்து முடிக்க என்ன செய்ய வேண்டும்? நான் பள்ளியை முடித்த வாரம் சித்தி இப்படிக் கேட்டாள்.

“பந்தயம் வைக்கணுமா சித்தி?”

“போடி. அடிக்கடி தூங்க வைக்கணும்.”

சித்திக்குப் பிறவியிலேயே பாதி மூடிய கண்கள். அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயரே தூங்குமூஞ்சி. ஒன்பது வருடம் அங்கே கண்ணாடிப் பாத்திரம் கழுவினாள். கழுவிக்கொண்டே வேலையைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டாள். போன மாதம்தான் முதன்முறையாக ஒரு குடுவையை நம்பி அவளிடம் கொடுத்தார்கள். கண்ணில் வைக்கும் லென்ஸின் மேல் பூசுகிற வழுவழுப்பான பாலிமர் அதில் வளர வேண்டும். மூலப்பொருள் அப்போதைக்கு அந்த ஒரு குடுவைக்குத்தான் இருந்தது. கெட்டால் அவள் மறுபடி கழுவும் தொட்டிக்கே.

பாலிமர் என்பது சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீளும் சங்கிலி. சாதாரண முறையில் சங்கிலிகள் தலைதெறிக்க ஓடும். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இரண்டு முட்டிக்கொண்டால் அங்கேயே கதை முடிந்தது. சித்தி செய்தது கட்டுப்படுத்திய முறை. அதில் ஒவ்வொரு சங்கிலியின் நுனியிலும் கந்தகம் கலந்த ஒரு மூடி உண்டு. மூடி இருக்கும்வரை சங்கிலி தூங்கும். அது நழுவும் கணத்தில் விழித்து, இரண்டு மூன்று கண்ணி கோத்துக்கொண்டு, மறுபடி கண்ணயரும். யாரும் யாரையும் முந்துவதில்லை. குடுவைக்கு இளஞ்சிவப்பு நிறம் தருவதும் அந்த மூடிதான். மழை விட்ட சாயங்கால வானத்தை ஊற்றி வைத்தது போல இருக்குமாம். “பாத்துக்கிட்டே இருந்தா எனக்கே கொட்டாவி வரும்” என்பாள்.

ஒருநாள் மதியம், சூடேற்றும் எண்ணெய்த் தொட்டியின் ஃபியூஸ் போய்விட்டது. சாப்பிட்டு வந்து தொட்டால் குடுவை ஜில்லென்றிருந்தது.

புதிதாக வந்த மேற்பார்வையாளர் பிளாஸ்டிக் வாளி ஆலையில் இருந்தவர். அங்கே சங்கிலி வளர்வது ஒருமுறை நின்றால் நின்றதுதான்.

“கொட்டிடும்மா. செத்துப்போச்சு.”

“சாகல சார். தூங்குது.”

“உனக்கு எல்லாமே தூங்கறதுதாம்மா!” கூடமே சிரித்தது.

சித்தி குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். “கலர் போகல பாருங்க சார். மூடி அப்படியே இருக்கு. சாயங்காலம் வரைக்கும் குடுங்க. வரலன்னா நானே கொட்டிக் கழுவிடறேன்.”

“அஞ்சு மணி. அதுக்கு மேல கிடையாது.”

விழிக்கத் தூண்டும் பொடியைத் துளி கரைத்து ஊசியால் உள்ளே விட்டாள். காற்று பட்டால் விழித்த நுனி செத்துவிடும். அதனால் அரை மணி நேரம் நைட்ரஜன் குமிழ்களை ஓடவிட்டுக் காற்றை விரட்டினாள். பிறகு சூடு. உள்ளே கலக்கும் சின்னக் காந்தக் குச்சி கனவில் நடப்பது போலச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு மணிக்கு அதன் சுற்று கனத்தது. திரவம் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சொட்டு எடுத்து, நீளம் அளக்கும் கருவியில் போட்டார்கள். திரையில் கோடு மெல்ல எழுந்தது. ஒற்றைக் கூர்மலை. அடிவாரத்தில் மட்டும் சின்னப் புடைப்பு.

“இது என்னம்மா ஓரத்துல?”

“அதுங்க நெஜமாவே செத்ததுங்க சார். மத்ததெல்லாம் ஒரே நீளம்.”

அவர் திரையைவிட்டு நிமிர்ந்தார். “அடுத்த குடுவையும் நீயே பாத்துக்க. முதல்ல அந்த ஃபியூஸ மாத்தச் சொல்லு.”

இதைப் படித்தவர்கள் இன்னொருவருக்கும் சொல்லுங்கள். முக்கியமாக, ஆறிப்போன குடுவையைக் கவிழ்க்கக் கிளம்பும் யாராவது தெரிந்தால், அவருக்கு முதலில் சொல்லுங்கள்.