லாப்டாப்புக்கு வைத்த சந்தனம்

ஆயுதபூஜை கழிந்த ஞாயிற்றுக்கிழமை மதியம். மழை விட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டின் மேல் வெயில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது. வாரம் முழுக்க விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்த் திரும்புகிறவளுக்கு ஞாயிறு மதியம் என்பது பாதி தூக்கம். கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டாள். அந்த மயக்கத்தோடுதான், மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய சாம்பியன் ரீப்ஸில் எங்கள் வீட்டில், செத்துக் கிடந்த என் லாப்டாப்பின் முன் உட்கார்ந்தேன்.

லாப்டாப் போனால் போகட்டும். அதற்குள் நைனாவின், என் அப்பாவின், குரல் இருந்தது. தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுப்பதற்கு முந்தின நாள், அன்று போனில் இடமில்லை என்று அதில் பதிந்தேன். வேறெங்கும் அது கிடையாது. அம்மா அன்று சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. "குரலைப் பொட்டலம் கட்டி வெச்சிக்கினு இன்னா பண்ணப்போறே?" என்று உள்ளேயிருந்து கேட்டதோடு சரி.

நைனா பக்கத்து நாற்காலியில் இருந்தார். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தவர். இப்போது ஸ்பூனால் டம்ளரைத் தட்டித்தான் எங்களோடு பேசுகிறார். ஒரு தட்டு என்றால், நிறுத்து. மூன்று தட்டு என்றால், ஆள் ஏறியாச்சு, போகலாம். பஸ்ஸிலும் கம்பியை அப்படித் தட்டி, கண்டக்டரிடம் முறைப்பு வாங்கியிருக்கிறார்.

லாப்டாப்பை ஆன் செய்தால் கம்பெனிப் படம் வரும், ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ரயில் சிநேகிதி ஒருத்தி வழி சொல்லி, ஒரு பென்டிரைவும் கொடுத்திருந்தாள். அதில் வேறொரு ஆபரேட்டிங் சிஸ்டம் முழுசாக இருந்தது. "இதுலேர்ந்து பூட் பண்ணு. உள்ள இருக்கிற டிஸ்க் நல்லா இருந்தா பைலை வெளிய எடுத்துக்கலாம். இன்ஸ்டால்னு கேட்டா மட்டும் கைய வெச்சிடாதே, எல்லாம் அழிஞ்சிபூடும்."

பென்டிரைவைச் செருகி, ஆன் செய்து, எப்12 பொத்தானைத் தட்டினேன். எதிலிருந்து துவங்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் பென்டிரைவ் இல்லை. செட்டிங்கில் போய், வெளி டிரைவைத் தடுக்கும் செக்யூர் பூட் என்பதை அணைத்தேன். இல்லை. மறுபக்கத்து ஓட்டையில் செருகினேன். அங்கும் இல்லை. முந்தாநாள் ஆபீஸ் லாப்டாப்பில் செருகிப் பார்த்தபோது சமர்த்தாக வந்திருந்தது. ஆக, பென்டிரைவின் மேல் குற்றமில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்த மெஷினைத் தூக்கி மேட்டில் எறிந்துவிட்டு வந்தால் என்ன என்றிருந்தது.

வெடுக்கென்று பென்டிரைவைப் பிடுங்கினேன். சந்தன வாசனை அடித்தது.

தூக்கக் கலக்கம் என்றுதான் நினைத்தேன். பூஜையறை மிதந்து வந்து மேஜை மேல் நிற்பது போல இருந்தது. பிறகு பென்டிரைவின் நுனியைப் பார்த்தேன். மஞ்சளாக அப்பியிருந்தது. லாப்டாப்பின் இரண்டு ஓட்டைகளிலும் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது, குங்குமத்தோடு.

நைனாவைப் பார்த்தேன். அவர் தயங்காமல் தன் வாயைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. சுரங்கத்தில் ஆட்கள் இறங்கும் ஷாப்ட் குழியின் வாய்க்குத்தான் பொட்டு வைப்பார்கள், உள்ளே போவது பத்திரமாகத் திரும்பி வர வேண்டும் என்று. உடம்பு சரியில்லாத லாப்டாப்புக்கும் ஆயுதபூஜையன்று வாய் எது என்று தேடிக் கண்டுபிடித்துத் தாராளமாக வைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

மெஷினை அணைத்து, பல் குத்தும் குச்சியால் சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டி ஊதினேன். நைனா டார்ச் பிடித்தார். மறுபடி எப்12. இந்த முறை பட்டியலின் கடைசியில் பென்டிரைவ் நின்றது. திரை கறுத்தது, வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி ஓடின, பிறகு பழக்கமில்லாத ஒரு நீலத்தில் திறந்தது. இன்ஸ்டால் பக்கம் போகவில்லை. ஓரத்தில் என் பழைய டிஸ்க் இருந்தது. அதற்குள் என் போல்டர், அதற்குள் அந்த பைல். முதல் வேலையாக அதைப் போனுக்கு நகலெடுத்தேன். பிறகு ஓடவிட்டேன்.

"இன்னாம்மா பேசச் சொல்றே? நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும், அவ்ளோதான். அங்க பாரு, உங்கம்மா சமையக்கட்டுல நின்னுக்கினு அழுவுறா. ஏ, இங்க வா. வந்து என் பக்கத்துல குந்து."

அறை முழுக்க அந்தக் குரல். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

டம்ளரில் ஒரு தட்டு. நிறுத்தினேன். அவருக்கு வலிக்கிறது போலிருக்கிறது, இதைப் போட்டிருக்கவே கூடாது என்று எனக்குப் பதறியது.

நைனா எழுந்து சமையலறைக்குப் போனார். அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். அம்மா தலை குனிந்திருந்தாள். அவள் கையை விடாமலே, மற்ற கையால் ஸ்பூனை எடுத்தார்.

மூன்று தட்டு.