ரொசேர் பெல்மார் தண்ணீரில் மிதந்த நாள்

ஷாவினிகன் என்ற ஆற்றோரக் குளிர்நாட்டு ஊரில் கொல்லைப்புற நீச்சல் குளங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரொசேர் பெல்மார் வீட்டுக் குளம்போலக் கண்ணாடியாகக் கிடப்பது வேறெதுவும் இல்லை. ஓர் இலை விழுந்தால் வலையோடு வந்து நிற்பார். மருந்து கலப்பது, வடிகட்டி கழுவுவது எல்லாம் அவர் கைதான். அந்தக் குளத்தில் அவர் ஒரு தடவைகூட இறங்கிக் குளித்ததில்லை. கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு முதல் படியில் நிற்பார், அதோடு சரி.

அவர் சிறுவனாக இருந்தபோது, ஆற்றில் மரங்களை மிதக்கவிட்டு ஆலைக்கு ஓட்டிவரும் வேலைக்குப் போன அண்ணன் ஃபெர்னான், கட்டைகளுக்கு நடுவே கால் இடறி உள்ளே போனவன் மேலே வரவேயில்லை. அன்றிலிருந்து தண்ணீரின் சத்தமே ரொசேருக்கு ஆகவில்லை. வளர்ந்து காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு பெறும்வரை, ஆறு தெரியும் ஜன்னல் பக்கம் அவர் போய் நின்றதே இல்லை.

அப்படிப்பட்டவர் கட்டிக்கொண்டது கிலேனை. வடக்கே ஏரிக்கரையில் பிறந்து, மீன்குஞ்சு மாதிரி வளர்ந்தவள். கல்யாணமாகி ஊருக்குள் வந்த புதிதில், தூக்கத்தில் அவள் கைகள் மெத்தையைத் துழாவி நீந்துவதை அவர் விழித்திருந்து பார்த்தார். அடுத்த கோடையிலேயே கொல்லையில் குழி தோண்ட ஆள் வந்துவிட்டது.

"இது உனக்கு. என்னை மட்டும் உள்ள கூப்பிடாத" என்றார் அவர். கிலேனும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஒவ்வோர் அக்டோபரிலும், தண்ணீர் உறைவதற்கு முன் குளத்தை மூட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தங்கினால் குளிரில் பனிக்கட்டியாகிக் குழாயை வெடிக்க வைத்துவிடும். மூடுகிற நாளன்று காலையில் கிலேன் கடைசியாக ஒரு முறை நீந்துவாள். அவள் கரையேறும்வரை ரொசேர் துண்டை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி நிற்பார்.

அந்த வருடமும் அப்படித்தான். மேப்பிள் மரம் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தது. குளத்தின் மேல் வெண்ணிற ஆவி எழுந்து நின்றது. அதற்குள்ளிருந்து கிலேனின் தலை வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

"போதும் கிழவி, வா வெளில. உதடு கத்திரிக்காயாட்டம் ஆயிடுச்சு."

"இன்னும் ஒரே ஒரு சுத்து, கிழவா. அப்புறம் மே மாசம்வரைக்கும் உன் மூஞ்சியத்தானே பாக்கப்போறேன்."

அவள் மேலே வந்து, கம்பளி அங்கியைச் சுற்றிக்கொண்டு காப்பிக் கோப்பையோடு வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். ரொசேர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, கம்ப்ரெசரைக் குழாயில் மாட்டி முடுக்கினார். காற்று குழாய்க்குள் இருந்த தண்ணீரைத் தள்ள, குளத்துச் சுவரிலிருந்த துளையில் குமிழ்கள் கொப்பளித்தன. குமிழ் வரும்போதே துளையை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு யுபால் எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா, ஊருக்கெல்லாம் பரிமாறிட்டு நீ பட்டினியாவே கெடக்கிற! ஒருநாளாச்சும் நனைஞ்சு பாரேன்."

"உன் குளத்துல தவளை குடும்பம் நடத்துது. மொதல்ல அதப் போய்ப் பாரு" என்றார் ரொசேர். சொல்லிக்கொண்டே கரையில் குப்புறப் படுத்து, தோள்வரை கையைவிட்டு மூடியை அழுத்தித் திருகினார். வயிற்றுக்கடியில் ஈர இலைகள். மூடி இறுகியது, அவர் வழுக்கினார். தலைகீழாக உள்ளே போய்விட்டார்.

மார்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த நொடியில் அது அவருக்கு உறைக்கவில்லை. குளிர் நெஞ்சைப் பிடித்தது. மேல் எது, கீழ் எது என்று புரியவில்லை. பிறகு ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பற்றியது. கிலேன் அங்கியோடு குதித்திருந்தாள்.

"கால ஊனு. தரை இருக்கு பாரு."

தரை இருந்தது. அவர் இருமி, மூச்சு வாங்கி நின்றார். கரையேறுவார் என்றுதான் கிலேன் நினைத்தாள். அவர் நகரவில்லை.

"எப்படித்தான் இதுமேல படுத்துக்கிற நீ?" என்று பல் கிடுகிடுக்கக் கேட்டார்.

அவள் கையை அவர் பிடரிக்கடியில் கொடுத்தாள். "தலைய என் கையில விடு. கழுத்த இறுக்காத. ஒரு நிமிஷந்தான், அதுக்குமேல ஆகாது."

விட்டார். காதுக்குமேல் தண்ணீர் மூடியது. கம்ப்ரெசரின் இரைச்சல் தொலைவில் யாரோ முனகிப் பாடுவதுபோல மெத்தென்று ஆனது. ஆவிக்கு மேலே வெளிர் வானம். வெண்வாத்துகள் நீண்ட கோடாகத் தெற்கே போயின. அவற்றின் சத்தம் அவருக்கு எட்டவில்லை. கால்கள் தாமாகவே எழும்பின. தன் உடம்பு இத்தனை காலம் எவ்வளவு பாரமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கண்ணோரம் சூடாக ஏதோ வழிந்து குளத்தில் கலந்தது. கிலேன் அதைப் பார்த்தாள்.

வேலிப்பக்கம் யுபால் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

இருவரும் உடை மாற்றி, பட்டாணி சூப் குடித்து, நடுக்கம் அடங்கிய பிறகு வந்து மிச்ச வேலையை முடித்தார்கள். குழாய்களில் உறையாத் திரவத்தை ஊற்றி, தார்ப்பாயை இழுத்து விரித்து, ஓரங்களில் தண்ணீர்ப் பைகளைப் பாரமாக வைத்தார்கள்.

நவம்பரில் பனி விழுந்தது. கொல்லை முழுவதும் ஒரே வெள்ளையாகிவிட, குளம் எங்கே முடிகிறது, புல்தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனது. அந்தக் குளிர்காலம் முழுவதும் ரொசேர் நன்றாகத் தூங்கினார். பனிக்கடியில், தார்ப்பாய்க்கடியில், பச்சை வெளிச்சத்தில் மல்லாந்து கிடப்பதாகக் கனவுகள் வந்தன. ஒருநாள் விடியற்காலையில் கிலேன் விழித்தபோது, பக்கத்தில் ஒரு கை மெத்தைமேல் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

ஏப்ரலில், யாரும் கேட்காமலே, ரொசேர் கடைக்குப் போய் நீந்துவதற்கான நீலக் கால்சட்டை ஒன்று வாங்கி வந்தார். ஜூலையில் குளத்தின் அகலத்தைத் தட்டுத்தடுமாறிக் கடந்தார். நாயைத் தண்ணீரில் போட்ட மாதிரி இருக்கிறது என்று யுபால் கத்தினார். எதிர்க்கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைத்த ரொசேர் திரும்பி, "நாய் கரையேறிடுச்சுய்யா!" என்றார்.