தாழை கட்டிவிட்ட இடத்துக்குப் போய்வந்தது

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளை வளர்த்தேன். நாலு பேர் கடல் தொழில். நான் மட்டும் இந்த மாசம்வரை வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பொம்பளை ஏறினால் மீன் படாது என்பார்கள்.

வியாழன் காலை ஆறு மணிக்கு ஆலந்தலையிலிருந்து புறப்பட்டேன். திருச்செந்தூர்வரை ஆட்டோ இருபது ரூபாய். அங்கிருந்து பஸ்ஸில் தூத்துக்குடி நாற்பது கிலோமீட்டர். ஆறுமுகநேரி உப்பளம் தாண்டும்போதே வெயில் கண்ணைக் குத்தியது. எட்டரைக்குத் தெரேஸ்புரம் கரை.

கடல் படிக்கிற பிள்ளை மேரி காத்திருந்தாள். நாலு மாசத்துக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பொம்பளைகள் பதினொரு பேரைக் கூட்டி, குழாய்ச் சட்டத்தில் சணலால் தாழை கட்டச் சொன்னவள். தாழை என்றால் கடலடியில் முளைக்கிற புல். ஊர்ப் புகையெல்லாம் கடலில் கரையுமாம். புல் அதைத் தின்று சேற்றில் புதைத்துவிடுமாம். சேறு கலையாதவரை நூறு தலைமுறைக்கும் வெளியே வராதாம். சட்டங்களை வான்தீவுப் பக்கம் இறக்கியிருந்தார்கள். முளைத்ததா என்று பார்த்துவர மற்ற பத்துப் பேரும் என்னைத்தான் அனுப்பினார்கள். முடிச்சில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை.

வள்ளக்காரர் சேசையா தலையைச் சொறிந்தார். “ஆச்சி, நீங்க ஏறுனா மீன் படாதே.”

“இன்னைக்கு மீனா பிடிக்கப் போற? புல்லு பாக்கத்தான போற. கையக் குடுலே.”

நிலக்கரிக் கப்பலைத் தாண்டிப் போனோம். பத்து மணிக்கு நங்கூரம். தண்ணியில் கையை விட்டேன், குளிக்க வைத்த வெந்நீர் மாதிரி. மேரி முதுகில் காற்றுக் குப்பியோடு இறங்கி, வெகுநேரம் கழித்து ஒரு சட்டத்தைத் தூக்கி வந்தாள். என் முடிச்சு. ஒன்றுகூட அவிழவில்லை. உள்ளே இருந்த புல்தான் கறுத்து, விரல் பட்டதும் கூழாய்ப் போனது.

“எல்லாமுமா?”

“எல்லாமும்தான் ஆச்சி. சித்திரையில தண்ணி கொதிச்சிட்டு.”

“மறுபடி கட்டுவோம்.”

“கட்டலாம். தண்ணி ஆறணுமே.”

இன்னொரு கையில் ஒரு பிடி சேறு வைத்திருந்தாள். கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை வாடை. பழைய தாழைக்காடு நின்ற இடமாம். அதுவும் செத்துவிட்டது. வேர் பிடிக்காத சேற்றை அலை கிளப்புகிறது, புதைந்த புகை திரும்ப மேலே வருகிறது என்றாள்.

“அப்ப இதுக்கு என்ன மருந்து?” என்றார் சேசையா. அவள் கையைக் கழுவினாள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். பாதி முளைத்திருக்கிறது என்று பொய் சொன்னால் ஊர்ப் பொம்பளைகள் நாளைக்கும் உட்கார்ந்து கட்டுவார்கள். என் கை தவறவில்லை. தவறாத கைக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பத்துப் பேரும் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுத்துக் கூட்டி இதை எழுதினேன். பேத்தி ஜெனி பக்கத்தில் இருக்கிறாள். ஏளா, நீ வாசி, நான் கேக்கேன். எங்கயாவது பாதி முளைச்சிருக்குன்னு எழுதியிருந்தா அத அடிச்சிரு.